தடித்த இதயமும் ஈசிஜி தாளும்: எதைப் பார்ப்பது, எதை நம்பாமல் விடுவது

களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, அக்கரைப்பற்று என்று எங்கே பிரஷர் கிளினிக்குக்குப் போகிறவராக இருந்தாலும், அவருடைய கொப்பிக்குள் மடித்து வைத்த ஈசிஜி தாள் ஒன்றாவது இருக்கும். தாளின் மேல்மூலையில் இயந்திரம் தானாக அச்சடித்த சில வரிகள். அவற்றில் 'எல்விஎச்' என்ற எழுத்துகளும் இருந்தால், இடது இதயவறையின் தசை தடித்திருக்கலாம் என்று இயந்திரம் சந்தேகப்படுகிறது என்று பொருள். அதைப் பார்த்து இரவெல்லாம் தூக்கமில்லாமல் கிடப்பவர் ஒருவர். அந்த எழுத்து இல்லாததால் குளிசையை நிறுத்திவிடுபவர் இன்னொருவர். முதலாமவரின் இதயம் நன்றாக இருக்கலாம்; இரண்டாமவருடையது தடித்துப் போயிருக்கலாம். இது ஏன் நடக்கிறது என்பதை ஈசிஜி எடுப்பவர்களும், வாசிப்பவர்களும், தாளைக் கையில் வைத்திருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடலாம். ஈசிஜி தசையின் தடிப்பை அளப்பதில்லை. தசை எழுப்பும் மின்சாரம் நுரையீரல், கொழுப்பு, விலா எலும்பு, தோல் எல்லாவற்றையும் கடந்து வெளியே வந்த பிறகு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. பக்கத்து வீட்டு வானொலி நமக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பது அந்த வானொலியை மட்டும் பொறுத்ததல்லவே, இடையில் நிற்கும் சுவரையும் பொறுத்தது. மெலிந்த நெஞ்சில் சாதாரண இதயமும் பெரிய அலை எழுப்பும். பருத்த நெஞ்சில் தடித்த இதயமும் சின்ன அலையோடு அடங்கிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எண்களெல்லாம் அவற்றுக்கு உரிய இடத்தில் போய் உட்காரும்.

தசை ஏன் தடிக்கிறது

எக்கோவில் (ஒலியலைகளால் இதயத்தைப் படமாகப் பார்க்கும் சோதனை) அளந்தால் இடது இதயவறையின் சுவர் ஆண்களில் 6 முதல் 10 மில்லிமீற்றர், பெண்களில் 6 முதல் 9 மில்லிமீற்றர் இருப்பது வழமை. உயர்ந்த குருதியமுக்கத்துக்கு எதிராக வருடக்கணக்கில் குருதியைத் தள்ளும்போது தசைநார்கள் பருத்துச் சுவர் தடிக்கிறது. பெருநாடி வால்வு சுருங்கினாலும் இதேதான் நடக்கும். வால்வு ஒழுகினால் கதை கொஞ்சம் வேறு: சுவர் தடிப்பதோடு அறையும் விரிகிறது. சிறுவயது வாதக் காய்ச்சலால் வால்வு பழுதானவர்கள் நம் பகுதிகளில் இன்னும் இருக்கிறார்கள். நாள்பட்ட சிறுநீரக நோயாளரிலும் இந்தத் தடிப்பு சாதாரணமாகக் காணப்படும். இவை எதுவுமில்லாமல், பரம்பரையாக வரும் தடிப்பு ஒன்றும் உண்டு. அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

தடிப்பு வலிக்காது, அதுதான் அதன் ஆபத்து. தசை பருக்கும் அளவுக்கு அதற்குக் குருதி தரும் நுண்குழாய்கள் பெருகுவதில்லை. அதனால் உட்பக்கத் தசை குருதிக்கு ஏங்குகிறது. நார்களுக்கிடையே வடு படிகிறது. விறைத்த அறைக்குள் குருதியைத் தள்ள முடியாமல் அதற்கு மேலே உள்ள இடது சோணையறை விரிகிறது; விரிந்த சோணையறையில் துடிப்பு ஒழுங்கு தவறுகிறது; அங்கே கட்டி உறைந்த குருதி மூளைக்குப் போனால் பாரிசவாதம். கிளினிக்கில் "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, எதுக்குக் குளிசை?" என்று கேட்பவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்தச் சங்கிலிதான்.

எடுக்கும்போதே கெட்டுப்போகும் இடங்கள்

தடிப்பைப் பற்றிய தவறான முடிவுகளில் கணிசமானவை வாசிப்பில் தொடங்குவதில்லை, கட்டிலிலேயே தொடங்கிவிடுகின்றன. ஆகவே அலைகளை எண்ணுவதற்கு முன் தாளின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே பெட்டி போன்ற ஒரு குறி இருக்கும். அது 10 மில்லிமீற்றர், அதாவது 10 சின்னக் கட்டங்கள் உயர்ந்திருந்தால் 1 மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீற்றர் என்ற வழமையான அளவில் தாள் எடுக்கப்பட்டிருக்கிறது. 5 கட்டம் மட்டும் இருந்தால் எல்லா அலைகளும் பாதியாகக் குறுக்கப்பட்டிருக்கின்றன. பல இயந்திரங்கள் நெஞ்சு அலைகள் பெரிதாக இருந்தால் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, அந்தப் பகுதியை மட்டும் தாங்களாகவே பாதியாக்கிவிடும். அப்போது குறி படிக்கட்டு மாதிரி, ஒரு பக்கம் 10, மறுபக்கம் 5 என்று இருக்கும். கவனிக்காமல் எண்ணினால் 40 மில்லிமீற்றர் அலை 20 ஆகி, தடித்த இதயம் ஒன்று 'நோமல்' என்று வீட்டுக்குப் போய்விடும். தாள் ஓடும் வேகம் விநாடிக்கு 25 மில்லிமீற்றரா என்பதையும் பாருங்கள். அந்த வேகத்தில் ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி.

தாளின் அடியில் வடிகட்டியின் அளவும் அச்சாகியிருக்கும். 0.05 முதல் 150 ஹேர்ட்ஸ் என்றிருந்தால் நல்லது. நோயாளர் நடுங்குகிறார், கோடு அழகாக வரவில்லை என்று தசை வடிகட்டியை 25 அல்லது 35 ஹேர்ட்ஸில் போட்டால் கோடு மினுமினுப்பாக வரும், ஆனால் ஆர் அலையின் (ஒவ்வொரு துடிப்பிலும் மேல்நோக்கி எழும் அலை) கூர்மையான உச்சி வெட்டப்பட்டிருக்கும். உயரத்தை வைத்தே முடிவெடுக்கும் ஒரு விஷயத்தில் உச்சியை வெட்டிவிட்டு என்ன அளப்பது? வடிகட்டியைப் போடுவதற்கு முன் நோயாளரின் நடுக்கத்தை அடக்கப் பாருங்கள். கைகளை உடம்போடு தளர்வாக வைக்கச் சொல்லி, கட்டில் அகலம் போதாவிட்டால் கைகளுக்கடியில் துணி மடித்து வையுங்கள். மின்விசிறி வயரும் சுவர் வயரும் அருகில் ஓடினால் கட்டிலைச் சற்று நகர்த்துங்கள்.

வி1 முதல் வி6 வரையான ஆறு மின்வாய்களையும் நெஞ்சில் எங்கே ஒட்டுவது என்பதில்தான் மிக அதிகமான பிழை. கழுத்துக்குழியிலிருந்து மார்பெலும்பின் மேல் விரலை இறக்கிக்கொண்டு வந்தால் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றரில் குறுக்கே ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டோடு சேர்வது இரண்டாவது விலா. அதற்குக் கீழே உள்ள பள்ளம் இரண்டாவது விலா இடைவெளி. அங்கிருந்து எண்ணி நான்காவது இடைவெளிக்கு வாருங்கள். மார்பெலும்பின் வலது ஓரத்தில் வி1, இடது ஓரத்தில் வி2. பிறகு வி3க்குப் போகாமல் முதலில் வி4ஐ வையுங்கள்: ஐந்தாவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து நேரே கீழே. வி2க்கும் வி4க்கும் நட்ட நடுவே வி3. வி4 இருக்கும் அதே கிடைமட்டத்தில், அக்குளின் முன்மடிப்பிலிருந்து இறங்கும் கோட்டில் வி5, அக்குளின் நடுக்கோட்டில் வி6. விலா வளைந்து மேலேறுகிறது என்று அதன் பின்னாலேயே போய் வி5, வி6ஐ மேலே ஏற்றிவிடக் கூடாது. முலைக்காம்பை அடையாளமாக வைக்கவே கூடாது, அது ஆளுக்கு ஆள் மாறும்.

வி1, வி2 இரண்டையும் எண்ணாமல் கண்மதிப்பில் இரண்டாவது, மூன்றாவது இடைவெளியில் வைப்பது உலகம் முழுவதும் நடக்கும் பிழை. தாளிலேயே அதைக் கண்டுபிடிக்கலாம்: வி2இல் பி அலை (துடிப்பின் தொடக்கத்தில் வரும் சோணையறைகளின் சின்ன அலை) கவிழ்ந்திருந்தால் மின்வாய் மேலே போய்விட்டது என்று சந்தேகியுங்கள். இதனால் எஸ் அலையின் (ஆர் அலைக்குப் பிறகு கீழிறங்கும் அலை) ஆழமும் மாறும், இடது சோணையறை விரிந்தது போன்ற பொய்த்தோற்றமும் வரும்.

பெண்களுக்கு மார்பகத்தை உயர்த்தி, அதன் அடியில் வி4, வி5, வி6 வைக்க வேண்டும். கூச்சத்தால் நோயாளரும், தயக்கத்தால் எடுப்பவரும் விட்டுக்கொடுக்கும்போது மின்வாய்கள் சட்டை விளிம்பு அனுமதிக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பிரச்சினைக்குத் தீர்வு நோயாளரைக் கடிந்துகொள்வதில் இல்லை. திரை, ஒரு போர்வை, எடுப்பதற்கு ஒரு பெண் உத்தியோகத்தர், முன்பக்கம் திறக்கும் சட்டையோடு வரச்சொல்லி முதல்நாளே ஒரு வார்த்தை. இவ்வளவு இருந்தால் காத்தான்குடியிலோ காரைதீவிலோ எந்த அம்மாவும் சங்கடப்படாமல் சரியான ஈசிஜி எடுத்துக்கொண்டு போகலாம். பெண்களின் தடிப்பு தவறவிடப்படுவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் படுவான்கரையிலிருந்து வெயிலில் வந்து இறங்கியவரை உடனே கட்டிலில் ஏற்றாதீர்கள். பத்து நிமிடம் இருக்கட்டும். வியர்வையைத் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசிய தோலானால் ஸ்பிரிற் பஞ்சால் தேய்த்து, முடி அடர்ந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் மழித்துவிட்டு ஒட்டுங்கள். ரப்பர் பல்ப் பயன்படுத்தும் இடங்களில் இன்னொரு கோளாறு: ஜெல்லை வி1 முதல் வி6 வரை ஒரே இழுப்பாகப் பூசுவது. ஜெல் மின்சாரத்தைக் கடத்தும். பூச்சுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால் ஆறு மின்வாய்களும் ஒன்றுபோலாகி, ஆறு அலைகளும் கிட்டத்தட்ட ஒரே உருவத்தில் வரும். வி1இல் ஆழமான எஸ், வி5இல் உயரமான ஆர் என்ற வேறுபாடே அழிந்துவிடும். தனித்தனிப் பொட்டாக வையுங்கள்.

கைகால் வயர்களின் நிறம்: வலக்கை சிவப்பு, இடக்கை மஞ்சள், இடக்கால் பச்சை, வலக்கால் கறுப்பு. லீட் என்பது இதயத்தை ஒரு திசையிலிருந்து பார்க்கும் ஒரு பதிவு; ஏவிஆர், ஏவிஎல் என்பவையும் அப்படிப்பட்ட லீட்டுகளே. சிவப்பும் மஞ்சளும் மாறினால் முதலாம் லீட் முழுவதும் கவிழும், ஏவிஆர் நிமிரும். ஏவிஎல் அலையை நம்பி எடுக்கும் எந்தக் கணக்கும் அந்தத் தாளில் செல்லாது. இரண்டாம் லீட் ஏறக்குறைய நேர்கோடாக வந்தால் வலக்கை வயர் வலக்காலோடு மாறியிருக்கிறது என்று பாருங்கள். நோயாளரால் மல்லாந்து படுக்க முடியாமல் சாய்ந்திருந்தே எடுத்தால் அதைத் தாளிலேயே எழுதி விடுங்கள். நிலை மாறினால் அலையின் உயரமும் மாறும்.

கணக்குகள்

மிகப் பழகிய கணக்கு சொக்கொலோ, லயன் இருவரும் 1949இல் தந்தது. வி1இல் எஸ் அலையின் ஆழத்தையும், வி5 அல்லது வி6இல் எது உயரமோ அந்த ஆர் அலையின் உயரத்தையும் கூட்டுங்கள். 35 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ வந்தால் தடிப்பைச் சந்தேகிக்கலாம். ஏவிஎல்லில் ஆர் மட்டும் 11 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் இருப்பதும் அவர்கள் தந்த இன்னொரு அடையாளம்.

1985இல் வந்த கோர்னெல் கணக்கு எக்கோ அளவுகளோடு ஒப்பிட்டு உருவாக்கப்பட்டது. ஏவிஎல்லின் ஆர், வி3இன் எஸ், இரண்டையும் கூட்டினால் ஆணில் 28க்கு மேல், பெண்ணில் 20க்கு மேல். ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு எல்லை வைத்திருப்பதாலேயே இந்தக் கணக்கை நான் மேலாக மதிக்கிறேன். இதை இன்னும் கூர்மையாக்க, கூட்டுத்தொகையைக் கியூஆர்எஸ் அகலத்தால், அதாவது கியூ, ஆர், எஸ் அலைகள் சேர்ந்து எடுக்கும் மில்லிவிநாடிகளால், பெருக்குவார்கள். பெண்ணுக்குப் பெருக்குவதற்கு முன் 6 மில்லிமீற்றர் சேர்ப்பார்கள். விடை 2440க்கு மேல் போனால் தடிப்பு. தடித்த தசையூடாக மின் பரவ அதிக நேரம் எடுக்கும் என்பதால் உயரத்தோடு அகலத்தையும் சேர்ப்பது அறிவான காரியம்.

இரண்டு தாள்களைக் கற்பனையாக வைத்து எண்ணிப் பார்ப்போம். முதலாவது, வெல்லாவெளிப் பக்கம் வயல் வேலை செய்யும் 30 வயது இளைஞன், எலும்பு தெரியும் உடம்பு, குருதியமுக்கம் 116/74. வி1இல் எஸ் 16, வி5இல் ஆர் 24. கூட்டினால் 40, இயந்திரம் 'எல்விஎச்' என்று அடித்துவிடும். ஆனால் ஏவிஎல்லில் ஆர் 3, வி3இல் எஸ் 9. கோர்னெல் கணக்கில் 12தான். துடிப்பின் இறுதியில் வரும் ரி அலைகள் நிமிர்ந்து அழகாக இருக்கின்றன, பி அலை வழமைபோல. 35 வயதுக்குக் குறைந்த, மெலிந்த, உடலுழைப்புள்ள ஒருவரில் உயரம் மட்டும் கூடியிருப்பது பெரும்பாலும் நெஞ்சுச் சுவர் மெல்லியது என்பதையே சொல்கிறது. முறையாகப் பயிற்சி எடுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் இதே விதி. நெஞ்சில் முரல் ஒலி (குருதி கலங்கி ஓடும் சத்தம்) இல்லை, மயங்கி விழுந்ததில்லை, குடும்பத்தில் இளவயது மரணமில்லை என்றால் அவரைப் பயமுறுத்த வேண்டியதில்லை.

இரண்டாவது, 55 வயதுப் பெண், நல்ல பருமன், பிரஷரும் சீனியும் பல வருடமாக. வி1இல் எஸ் 9, வி5இல் ஆர் 13. கூட்டினால் 22, இயந்திரம் வாய் திறக்காது. ஆனால் ஏவிஎல்லில் ஆர் 10, வி3இல் எஸ் 12. கூட்டினால் 22, பெண்ணுக்கான 20ஐத் தாண்டிவிட்டது. கியூஆர்எஸ் அகலம் 98 மில்லிவிநாடி. 22ஓடு 6ஐச் சேர்த்து 28. 98ஆல் பெருக்கினால் 2744. எக்கோவுக்கு அனுப்ப வேண்டியவர் இவர்தான். நமது கிளினிக்குகளில் இந்த இரண்டாவது வகைத் தாளுக்கே நேரம் ஒதுக்கி, கையால் எண்ண வேண்டும்.

ரோமில்ட், எஸ்டஸ் இருவரும் 1968இல் தந்த புள்ளி முறை, உயரத்தை மட்டும் நம்பாமல் தாள் முழுவதையும் பார்க்க வைக்கிறது. பெரிய அலைகளுக்கு 3 புள்ளி, எஸ்ரி–ரி மாற்றத்துக்கு, அதாவது எஸ் அலைக்கும் ரி அலைக்கும் இடைப்பட்ட பகுதியும் ரி அலையும் மாறுவதற்கு, 3 (டிஜொக்சின் என்ற இதய மருந்து குடிப்பவரானால் 1 மட்டும்), இடது சோணையறை விரிவுக்கு 3, இதய மின்சாரம் பரவும் சராசரித் திசையான அச்சு இடப்பக்கம் 30 பாகை அல்லது அதற்கு மேல் சாய்ந்தால் 2, கியூஆர்எஸ் 90 மில்லிவிநாடியை எட்டினால் 1, வி5 அல்லது வி6இல் ஆர் உச்சிக்கு ஏறும் நேரம் 50 மில்லிவிநாடியை எட்டினால் 1. மொத்தம் 5 வந்தால் தடிப்பு என்று கொள்ளலாம், 4 வந்தால் அநேகமாக. இதில் பெரிய அலை என்பது கைகால் லீட் ஒன்றில் ஆர் அல்லது எஸ் 20, வி1 அல்லது வி2இல் எஸ் 30, வி5 அல்லது வி6இல் ஆர் 30. 2017இல் பெகுவேரோ, லோ பிரெஸ்டி முறையும் வந்தது: பன்னிரண்டு லீட்டுகளில் எதில் எஸ் மிக ஆழமோ அதையும் வி4இன் எஸ்ஸையும் கூட்டி, ஆணில் 28, பெண்ணில் 23 என்ற எல்லை வைக்கிறது.

எந்தக் கணக்கானாலும் ஒரு பலவீனம் பொது. தடிப்பு இல்லாதவரைப் பெரும்பாலும் சரியாகவே விட்டுவிடும். ஆனால் தடிப்பு உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைத் தவறவிடும். ஆகவே ஈசிஜி நன்றாக இருக்கிறது என்பதை இதயம் தடிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக எடுக்கக் கூடாது. பருமன், காற்றால் உப்பிய நுரையீரல், இதயத்தைச் சுற்றி நீர் சேர்தல், தைரொயிட் மிகக் குறைந்த நிலை எல்லாம் அலையைச் சிறுக்க வைக்கும். எக்கோவில் சுவர் தடித்தும் ஈசிஜியில் அலை சின்னதாகவும் இருந்தால் அந்த முரண்பாடே ஒரு துப்பு: தசைக்குள் அமிலொயிட் என்ற புரதம் படிந்திருக்கலாம். இடது கட்டுக்கிளைத் தடை (இதயத்தின் மின்பாதையில் இடது கிளை தடைபடுவது) உள்ள தாளில் மேற்சொன்ன கணக்குகளைப் போடவே வேண்டாம், நேரே எக்கோதான். வலது கட்டுக்கிளைத் தடையில் வி1இன் எஸ் சுருங்கிவிடுவதால் தடிப்பு இன்னும் எளிதாக ஒளிந்துகொள்ளும்.

எல்லைக்கோட்டில் 34க்கும் 36க்கும் சண்டை பிடிக்காதீர்கள். மின்வாய் ஒரு விரலளவு நகர்ந்தாலே அந்த வித்தியாசம் வந்துவிடும்.

உயரத்தைவிடப் பாரமான அடையாளங்கள்

முதலாம் லீட், ஏவிஎல், வி5, வி6 இவற்றில் எஸ்ரி பகுதி கீழ்நோக்கிச் சரிந்து, ரி அலை கவிழ்ந்து, அந்தக் கவிழ்வும் சமச்சீரில்லாமல் மெதுவாக இறங்கிச் சட்டென்று ஏறினால் அதைத் திரிபு வடிவம் என்கிறோம். உயரம் மட்டும் கூடியவரைவிட இந்த வடிவம் உள்ளவருக்கு மாரடைப்பு, இதயச் செயலிழப்பு ஆபத்து அதிகம். என் பார்வையில் இந்த வடிவம் புதிதாகத் தென்பட்டால் கிளினிக் முறை வரும் வரை காத்திராமல் எக்கோவுக்குத் துண்டு எழுத வேண்டும்.

இடது சோணையறையை வி1இல் பாருங்கள். பி அலையின் பிற்பகுதி கீழிறங்கி, ஒரு சின்னக் கட்டம் ஆழமும் ஒரு சின்னக் கட்டம் அகலமும் எடுத்தால் சோணையறை பாரம் சுமக்கிறது. இரண்டாம் லீட்டில் பி அலை மூன்று கட்டத்துக்கு மேல் அகன்று நடுவில் பள்ளம் விழுவதும் அதையே சொல்லும். இவை வெறும் உயரத்தோடு சேர்ந்து வரும்போது சந்தேகம் வலுக்கும்.

மாரடைப்பென்று மயங்கும் தாள்

இரவில் நெஞ்சுநோவோடு சிறிய வைத்தியசாலை ஒன்றுக்கு வருகிறார் ஒருவர். ஈசிஜியில் வி1 முதல் வி3 வரை எஸ்ரி உயர்ந்திருக்கிறது. குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதா? தடித்த இதயத்தில் எஸ் அலை எங்கே ஆழமோ அங்கே எஸ்ரி எதிர்த்திசையில் உயர்வது இயல்பு. எஸ் ஆழமாக ஆழமாக எஸ்ரியும் கூட உயரும். எஸ் 30 மில்லிமீற்றர் ஆழமாக இருக்கும் லீட்டில் 3 மில்லிமீற்றர் எஸ்ரி உயர்வு தடிப்பாலேயே வரலாம். எஸ் 8 மட்டும் இருக்கும்போது அதே 3 மில்லிமீற்றர் உயர்ந்தால் அது வேறு விஷயம். உயர்வு அந்த அலையின் கால்பங்கை எட்டினால் உண்மையான மாரடைப்பை நினைக்க வேண்டும் என்பது பயன்படும் ஒரு வழிகாட்டி. உருவத்தையும் பாருங்கள்: தடிப்பில் எஸ்ரி பொதுவாகக் குழிந்து ஏறும்.

இருந்தாலும் இந்த அளவுகோலைக் காட்டி நெஞ்சுநோவைத் தள்ளிவிடக் கூடாது. தடித்த இதயமுள்ளவருக்கும் மாரடைப்பு வரும், மற்றவர்களைவிட எளிதாகவே வரும். 15 முதல் 30 நிமிட இடைவெளியில் ஈசிஜியைத் திரும்பத் திரும்ப எடுங்கள். தடிப்பின் மாற்றம் அசையாமல் நிற்கும், மாரடைப்பின் மாற்றம் நகரும். ட்ரொபொனின் (இதயத்தசை சேதமானால் குருதியில் கூடும் புரதம்) பாருங்கள். பழைய தாள் கையில் இருந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது இன்னும் சுருக்கம்: வியர்வையோடு நெஞ்சு இறுக்கம் வந்தால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வண்டிக்குக் காசு இல்லை. கிளினிக் கொப்பியைப் பழைய ஈசிஜியோடு கையில் எடுங்கள்.

பழைய தாளைப் பற்றி ஒரு வார்த்தை. ஈசிஜி தாள் சூட்டால் எழுத்து வரும் தாள். அதே சூடு அதை அழிக்கவும் செய்யும். தகரக் கூரைக்கடியில் வைத்தாலும், மெழுகு போன்ற பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டாலும், மேலே செலோரேப் ஒட்டினாலும் சில வருடத்தில் கோடு மங்கி வெறும் கட்டம்தான் மிஞ்சும். எடுத்த அன்றே போட்டோக்கொப்பி எடுத்துக் கொப்பிக்குள் ஒட்டுங்கள், தொலைபேசியில் நேராகப் பிடித்து ஒரு படமும் எடுங்கள். படத்தில் ஓரத்துப் பெட்டிக்குறியும் திகதியும் விழ வேண்டும்.

குறையுமா?

குறையும். 2002இல் வெளியான லைஃப் ஆய்வில் ஈசிஜியில் தடிப்பு உள்ள 9193 குருதியமுக்க நோயாளர் பங்கெடுத்தார்கள். லொசார்ட்டன், அற்றினொலோல் என்ற இரண்டு பிரஷர் மருந்துகள் ஒப்பிடப்பட்டன. லொசார்ட்டன் எடுத்தவர்களில் பாரிசவாதம் குறைவாக இருந்தது, ஈசிஜியிலும் தடிப்பு கூடுதலாகக் குறைந்தது. பிறகு 2004இல் வந்த பகுப்பாய்வு, சிகிச்சையின்போது ஈசிஜி அடையாளம் சுருங்கியவர்களுக்கு இறப்பும் பாரிசவாதமும் குறைந்ததைக் காட்டியது. ஆகவே ஒரே நோயாளரின் தாள்களை வருடாவருடம் அருகருகே வைத்துப் பார்ப்பதில் உண்மையான பயன் உண்டு. லொசார்ட்டனோ, எனலாபிரில் என்ற இன்னொரு பிரஷர் மருந்தோ தொடங்கினால் ஓரிரு வாரத்தில் குருதியில் கிரியற்றினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். இந்த இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கருத்தரிக்கக்கூடிய பெண்ணானால் இந்த இரண்டு வகையில் எதையும் தொடங்கும் முன் கர்ப்பத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. கருவாடும் மாசிச் சம்பலும் ஊறுகாயும் ஒரே பகல் சாப்பாட்டில் சேர்ந்தால் அந்த எல்லை அங்கேயே முடிந்துபோகும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் கொஞ்சம் குறையும். ஆனால் கறிக்குத் திரும்ப உப்புப் போடாமல் இருந்தால்தான் அதில் பயன்.

குடும்பத்தில் வரும் தடிப்பு

குருதியமுக்கம் இல்லாமல், வால்வு பழுதில்லாமல் தசை தடிப்பது பரம்பரை இதயத்தசை நோய். ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடத்தப்படும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை சுருண்டு விழுந்து இறந்தது என்ற செய்திகளுக்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் இது முக்கியமானது.

இங்கே ஈசிஜியின் பெறுமதி கூடிவிடுகிறது. பிரஷரால் வரும் தடிப்பில் பாதிக்கு மேல் தவறவிடும் அதே கருவி, இந்த நோயுள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேரளவில் ஏதாவதொரு மாற்றத்தைக் காட்டிவிடும். பார்க்க வேண்டியவை: கீழ்ப்பக்க லீட்டுகளிலும் (இரண்டாம், மூன்றாம் லீட், ஏவிஎஃப்) வி5, வி6இலும் ஒடுங்கி ஆழமான கியூ அலைகள் (இளவயதில் பழைய மாரடைப்பு என்று எழுதுவதற்கு முன் இரண்டு இதயவறைகளுக்கும் இடையிலுள்ள பிரிசுவரின் தடிப்பை நினையுங்கள்), பக்க லீட்டுகளில் கவிழ்ந்த ரி அலை, திரிபு வடிவம். வி4ஐச் சுற்றி 10 மில்லிமீற்றர் ஆழத்துக்கு ரி அலை கவிழ்ந்திருந்தால் இதயத்தின் நுனி மட்டும் தடிக்கும் வகை. எக்கோவில் அந்த நுனி சரியாகத் தெரியாமல் போகலாம் என்பதால், எக்கோ 'நோமல்' என்று வந்தாலும் ஈசிஜியை மறந்துவிடாமல் எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள். விளையாடும் பிள்ளையில் அலை உயரம் மட்டும் கூடியிருந்தால் விட்டுவிடலாம். பக்க லீட்டுகளில் ரி கவிழ்ந்திருந்தால் எக்கோ முடியும் வரை போட்டிக்கு அனுப்பக் கூடாது.

இந்த நோயில் குருதி வெளியேறும் வழி அடைபடும் வகையும் உண்டு. அப்படிப்பட்டவருக்கு நெஞ்சுநோவென்று நாக்கின் கீழ் வைக்கும், குருதிக்குழாயை விரிக்கும் ஜீரிஎன் குளிசை கொடுத்தால் குருதியமுக்கம் சரிந்து மயங்கலாம். பெருநாடி வால்வு கடுமையாகச் சுருங்கியவருக்கும் அப்படித்தான். தடித்த தாளோடு முரல் ஒலியும் கேட்டால் குளிசை கொடுக்கும் கையை ஒருமுறை நிறுத்தி யோசியுங்கள்.

எக்கோவில் காரணமில்லாமல் சுவர் 15 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் உறுதியாகிறது. ஏற்கெனவே நோய் கண்டவரின் பெற்றோர், சகோதரம், பிள்ளைகளுக்கு 13 மில்லிமீற்றரே போதும். ஒருவருக்கு உறுதியானால் இவர்கள் எல்லோரும் ஈசிஜியும் எக்கோவும் எடுக்க வேண்டும், உடம்பில் ஒன்றும் தெரியாவிட்டாலும். முதல்முறை நன்றாக இருந்தது என்று கோப்பை மூடிவிட முடியாது, ஏனென்றால் தடிப்பு பெரும்பாலும் வளரும் பருவத்தில்தான் வெளிப்படுகிறது. பிள்ளைகளுக்கு ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை, வளர்ந்தவர்களுக்கு 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முந்தைய தாள்களையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.